படிப்பகப் பட்டியலுக்கு உலக முறை எதற்கு?

கேள்வி: அம்மா, வியாசர்பாடியில் எங்கள் தெருப் படிப்பகத்தில் 600 புத்தகங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் கொடுத்தவை. கம்ப்யூட்டரில் பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறோம். நூலக அறிவியல் படிக்கும் என் தங்கை, உலக நூலகங்கள் பின்பற்றும் முறையில்தான் போட வேண்டும் என்கிறாள். எங்கள் 600 புத்தகத்துக்கு அதெல்லாம் தேவையா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: தேவைதான் தம்பி. தங்கை சொல்வதைக் கேளுங்கள்.

உங்கள் அலமாரியில் திரு.வி.க. இருப்பார் என்று நினைக்கிறேன். 1918இல் பெரம்பூரில் மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் திரு.வி.க., இன்னொன்றில் கலியாணசுந்தர முதலியார், மற்றொன்றில் கலியாணசுந்தரனார். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். அதனால் ஒரு வடிவத்தை நிலையாக வைத்து, மற்றவற்றை அதனோடு 'காண்க' என்று கட்டிவிட வேண்டும். புத்தக விவரத்தை அட்டைகளில் எழுதி வைத்த காலத்திலிருந்தே நூலகர்களான எங்கள் வேலையில் பாதி இதுதான்.

நாடு விட்டு நாடு போனால் சிக்கல் இன்னும் பெருகும். 'ழ'வுக்கு 'எல்' போட்டு அடியில் கோடு, 'ள'வுக்கு அடியில் புள்ளி என்று அமெரிக்க நூலகங்கள் ரோமன் எழுத்தில் எழுதும். யார் வடிவம் சரி என்று பேச ஆரம்பித்தால் முடியவே முடியாது. 2003இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகமும் ஜெர்மன் தேசிய நூலகமும் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு அமைப்பும் சேர்ந்து வியாஃப் என்ற பொதுப் பெயர்க் கோப்பைத் தொடங்கின. அவரவர் வடிவம் அவரவரிடமே இருக்கும். ஒரே ஆள் என்றால் ஒரே எண்ணின் கீழ் இணைத்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. யாரும் தன் எழுத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பட்டியலை 'மார்க்' முறையில் போடுங்கள். 1960களில் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற பெண்மணி முன்னின்று உருவாக்கியது. ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் உண்டு: ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245. தமிழே தெரியாதவருக்கும் 245 என்றால் தலைப்பு என்று புரியும். நியூசிலாந்தில் பிறந்த 'கோஹா' என்ற நூலக மென்பொருள் இலவசம். அதில் இந்தக் கட்டங்கள் தயாராகவே இருக்கும்.

எழுத்து மட்டும், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக இருக்கட்டும். தண்டையார்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தபோது, 2,000 புத்தகங்களின் விவரத்தை அன்று கிடைத்த ஒரு தனி எழுத்துருவில் அடித்து வைத்தேன். கம்ப்யூட்டர் மாறியதும் திரை முழுக்கப் புள்ளி வைத்த ரோமன் எழுத்துகள். ஒரு வரி தமிழ் இல்லை. அத்தனையையும் மறுபடி அடித்தேன். அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம், தலைப்பை மேல் அட்டையிலிருந்து எடுக்காதீர்கள்; உள்ளே தலைப்புப் பக்கத்தில் உள்ளதை எழுத்து மாறாமல் எழுதுங்கள். பழைய புத்தகங்களில் 'பிரமோதூத வருஷம்' என்று மட்டும் இருக்கும். அதையும் அப்படியே எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 1930-31 என்று சேருங்கள். ஆனால் அதே பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், 1870-71ஆகவும் இருக்கலாம். அச்சுக்கூடத்தின் பெயரையும் தாளையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதல் பக்கத்தில் பெரியவர்கள் யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால் விட்டுவிடாதீர்கள். மில் தொழிலாளர்கள் என்ன படித்தார்கள் என்று தேடுகிறவருக்கு அந்தக் கையெழுத்துதான் சாட்சி. புத்தகம் யாரிடமிருந்து வந்தது என்று எழுதவும் மார்க்கில் இடம் உண்டு. எண் 561.