தலையணைக்கடியில் ஒரு சப்பாத்தி

கேள்வி: எனக்கு வயது 41, கணவருக்கு 46. ஏழு வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்து நான்கு மாதம் ஆகிறது. முதல் மூன்று வாரம் தங்கமாக இருந்தாள். இப்போது எதற்கெடுத்தாலும் கோபம். நேற்று சாப்பாட்டுத் தட்டை வீசிவிட்டாள். சப்பாத்தியைச் சுருட்டித் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கிறாள். வேலை முடிந்து நான் வரப் பத்து நிமிடம் தாமதமானால் கேட்டில் போய் நின்றுவிடுகிறாள். ஆனால் கூப்பிடுவது 'ஆன்ட்டி' என்றுதான். "கைக்குழந்தையா எடுத்திருந்தா ஒட்டியிருக்கும்" என்கிறார் மாமியார். தவறு செய்துவிட்டோமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, இல்லை, நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை.

முதல் மூன்று வாரம் அவள் உங்கள் வீட்டில் விருந்தாளி. விருந்தாளி தட்டை வீசமாட்டாள். முன்பு இருந்த குழந்தைகள் இல்லத்தில் அவளைப் பார்த்துக்கொண்ட அக்காக்கள் மாறியிருப்பார்கள். கூட விளையாடிய பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போயிருப்பார்கள். 'இவங்களும் அனுப்பிடுவாங்களா?' என்ற பயம்தான் கோபமாக வெளியே வருகிறது. "கோபம் வரலாம்மா, தட்டை எறியக் கூடாது, வா, சேர்ந்து துடைப்போம்" என்று சொல்லித் துடைத்துவிட்டு, மறுபடி சோறு போடுங்கள். "அங்கேயே கொண்டுபோய் விட்டுடுவேன்" என்ற வார்த்தை மட்டும் விளையாட்டுக்குக்கூட யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

சப்பாத்தியைத் திருட்டு என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டு மணி அடித்தால்தான் சாப்பாடு என்று பழகிய குழந்தைக்கு, நள்ளிரவில் பசித்தால் என்ன செய்வது என்ற கவலை இருக்கும். அவள் கைக்கெட்டும் இடத்தில் அவள் பெயர் எழுதிய டப்பா ஒன்று வையுங்கள். கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அது காலியாகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. ஒளித்து வைப்பது நிற்க மாதங்கள்கூட ஆகலாம்.

'அம்மா' என்று கூப்பிடச் சொல்லிக் கேட்காதீர்கள். 5 வயதோ அதற்கு மேலோ ஆன குழந்தை என்றால் தத்துக்கு அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்கிறது விதி. அவளும் சரி என்று சொல்லித்தான் வந்திருப்பாள். ஆனால் ஏழு வயதில் அந்தச் 'சரி'க்குள் எவ்வளவு அடங்கியிருக்கும்? அவள் மனதில் ஏற்கெனவே ஒரு அம்மா இருக்கலாம், முகம் மறந்துபோன அம்மாவாக. அவரைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள். அவள் பெயரை மாற்றியிருந்தால், பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்பேன். அவள் கையோடு கொண்டுவந்த ஒரே சொத்து அது.

மாமியாருக்கு ஒரு கணக்கு. 2022 தத்தெடுப்பு விதிமுறைப்படி 2 வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கத் தம்பதியின் வயதுக் கூட்டல் 85-ஐத் தாண்டக் கூடாது, உங்களுக்கு 87. 4 முதல் 8 வயதுக் குழந்தைக்கு 100 வரை இடமுண்டு. இதைத் தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் சொன்னது குழந்தையின் காதில் விழுந்திருந்தால், அதைச் சரிசெய்ய அவரே அவளுக்குத் தலைவாரிப் பூ வைக்கட்டும்.

இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தத்தெடுப்பு நிறுவனத்திலிருந்து வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அன்று எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளாமல், இந்தத் தட்டையும் சப்பாத்தியையும் சொல்லுங்கள். அவள் தூங்காமல் தவித்தாலோ தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ அதுவரை காத்திராமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போங்கள்.

கேட்டில் நிற்பதையும் குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தேடித்தான் நிற்கிறாள். நான்கு மாதத்தில் இது பெரிய வரவு, சகோதரி. இனிமேல் தாமதமானால் போன் செய்து அவளிடமே சொல்லுங்கள்: "பஸ் லேட்டு, ஆறே காலுக்கு வந்துடுவேன்." சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள்.