ஊசி போடாத டாக்டர் செய்தது சரியா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. திடீரென்று நெஞ்சை அழுத்தி, வியர்த்துக் கொட்டியது. எங்கள் குடும்ப டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்ததும் கை நிறைய மாத்திரைகளைக் கொடுத்து, 108-ஐ வரவழைத்து அனுப்பிவிட்டார். ‘வலிக்கு ஓர் ஊசிகூடப் போடவில்லையே’ என்று உறவினர்கள் குறை சொல்கிறார்கள். அவர் செய்தது சரிதானா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: மாரடைப்பு என்று தெரிந்தால் செய்ய வேண்டியது இதுதான். முற்றிலும் சரி. ஊசி போடாததையும் சேர்த்தே சொல்கிறேன்.

‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்குக் கொடுப்பதும் இதே மாத்திரைகள்தான்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு, ஆக 14. முதல் இரண்டும் இதயத் தமனியில் ரத்தக்கட்டு மேலும் வளராமல் தடுக்கும். ஆஸ்பிரினை மென்று விழுங்க வேண்டும். மேல்பூச்சுள்ள மாத்திரையை முழுதாக விழுங்கினால் குடலுக்குப் போன பிறகுதான் கரையும். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகள் பங்கேற்றார்கள். ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வார இதய, ரத்தநாள மரணங்களை 23 சதவீதம் குறைத்தது.

இடுப்பில் போடும் வலி ஊசியால் கெடுதலே அதிகம். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து ஏற்றினால், ஊசி குத்திய தசைக்குள் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். வலி ஊசியாகப் போடும் டைக்ளோஃபினாக் இதயத்துக்கே ஆகாது. ‘வாயு’ என்று நினைத்து இதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையையும் பக்கத்து வீட்டில் வாங்கிப் போடாதீர்கள். மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இருந்தாலோ, முந்தைய 24 மணி நேரத்தில் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் (வயாகரா) சாப்பிட்டிருந்தாலோ அழுத்தம் அபாயகரமாகச் சரியும்.

ஆஸ்பிரினும் எல்லோருக்கும் அல்ல. ஆஸ்பிரின் ஒவ்வாமை, குடல்புண்ணில் ரத்தக்கசிவு, முதுகைக் கிழிப்பது போன்ற வலி, கை கால் செயலிழப்பு இருந்தால் டாக்டர் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

இந்த மாத்திரைகள் அடைப்பைத் திறந்துவிடாது. வலி குறைந்தாலும் நோயாளியை நடக்கவிடாமல் உடனே கொண்டுபோக வேண்டும். கரைக்கும் மருந்தை வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் கொடுப்பார்கள். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் பலன் மிக அதிகம். ஈசிஜி தாளையும், எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று எழுதிய சீட்டையும் கையோடு அனுப்ப வேண்டும். சீட்டு இல்லையென்றால் அங்கே அதே மாத்திரைகளை மறுபடியும் கொடுத்துவிடக்கூடும்.