ஒட்டாவாவில் ஜிஆர் வேலைக்கு எப்படி நுழைவது?

தம்பி, சென்னையில் ஒரு வர்த்தக சபைக்காகக் கோட்டைக்கும் டெல்லிக்கும் அலைந்திருக்கிறீர்கள், பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு) வாங்கி ஒட்டாவா வந்தாயிற்று, ஆள் பழக்கம் இல்லாமல் இங்கே ஜிஆர் வேலை, அதாவது ஒரு சங்கத்துக்காகவோ நிறுவனத்துக்காகவோ அரசாங்கத்தோடு பேசும் வேலை, கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். ஆள் பழக்கம் வேலையில் சேர்ந்த பிறகு தானாக வரும். இங்கே முதலில் பார்ப்பது எழுத்து.

சனிக்கிழமைதோறும் ‘கனடா கெசட்’ என்ற அரசிதழின் முதல் பகுதி வரும். வரைவு விதிகள் அதில்தான் வெளியாகும். கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 30 நாள் தருவார்கள். அறிவிப்பின் அடியில் தொடர்புக்கு ஒரு அதிகாரியின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். என்னைக் கேட்டால் அமைச்சரைவிட அவர்தான் முக்கியம். லேபிளை ஆறு மாதத்தில் மாற்று என்று வரைவு சொல்கிறது என்று வையுங்கள். பழைய சரக்கு தீர எத்தனை மாதம் ஆகும் என்று சங்கத்தின் உறுப்பினர் நிறுவனங்களிடம் கணக்கு வாங்கி, இரண்டு பக்கத்தில் எழுதி, ஒரு வருட அவகாசம் கேட்பதுதான் நம் பிழைப்பு. மந்திரியோடு போட்டோ எடுப்பதெல்லாம் எப்போதாவதுதான்.

அப்புறம், லாபி பதிவேடு. அரசாங்கத்தின் முடிவை நம் பக்கம் திருப்பப் பேசுவதைத்தான் லாபி என்கிறார்கள். பதிவு செய்த சங்கம் அமைச்சரையோ எம்பியையோ முன்கூட்டி நேரம் வாங்கிச் சந்தித்தால், எந்த விஷயம் என்பதோடு அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பதிய வேண்டும். நேரில் போனது நீங்களாக இருந்தாலும் பதிவில் சங்கத்தின் தலைமை அதிகாரி பெயர்தான் வரும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எதிரணிக்காரர் கட்டாயம் பார்ப்பார். காரியம் முடிந்தால் இவ்வளவு என்று கன்சல்டன்ட் (பிறருக்காகக் கூலிக்கு லாபி செய்பவர்) கூலி பேசுவது சட்டப்படி குற்றம். 2023 முதல் பரிசோ சாப்பாடோ ஒரு தடவைக்கு 40 டாலர், ஒருவருக்கு வருடத்துக்கு 80 டாலர் என்று உச்சவரம்பு வேறு. தீபாவளி ஸ்வீட் பாக்ஸையும் விலை பார்த்துத்தான் தூக்க வேண்டும்.

அமைச்சர் அலுவலகத்தில் வேலை கிடைத்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள். விலகிய பின் ஐந்து வருடம் லாபி செய்யத் தடை இருக்கிறது. சாதாரண எம்பி ஒருவரின் அலுவலக ஊழியருக்குப் பொதுவாக அது கிடையாது. சம்பளம் குறைவு, பயிற்சி நல்லது. மத்திய அரசுப் பணியில் 2021-லிருந்து பிஆர் வைத்திருப்பவருக்கும் குடிமக்களுக்கு இணையான முன்னுரிமை உண்டு. ஆனால் பாதுகாப்புச் சரிபார்ப்பில் நம் ஊர் வருடங்களை விசாரித்து முடிக்க இழுக்கும். அதற்காகக் காத்திருக்காமல் தொழில் துறை நிறுவனங்களின் சங்கங்களுக்கும் விண்ணப்பம் போடுங்கள். நீங்களே எழுதிய குறிப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

பிரெஞ்சு? இல்லாமலும் சமாளிக்கலாம், ஆனால் ஒட்டாவாவில் மேலே போகப் போக இடிக்கும். பிஆர் உள்ளவர்களுக்கு மத்திய அரசு செலவில் மொழி வகுப்புகள் நடக்கின்றன. குடியுரிமை வாங்கிவிட்டால் அந்தத் தகுதி போய்விடும், அதனால் இந்த வருடமே சேர்ந்துவிடுங்கள்.