பிள்ளைகளோடு பாதயாத்திரை: ராத்தங்கல் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 9 வயதுப் பையன், 6 வயதுப் பெண்ணோடு திண்டுக்கல்லில் இருந்து பழநிக்கு நடப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறோம். எந்தக் குழுவிலும் சேரவில்லை, நாங்கள் நாலு பேர்தான். எத்தனை நாள் ஆகும்? இரவு எங்கே தங்குவது?
– வாசகி, சின்னாளபட்டி

பதில்: சுமார் 60 கிலோமீட்டர். பெரியவர்கள் இரண்டு நாளில் நடந்துவிடுவார்கள். உங்கள் கணக்கில் நாலு நாள் வையுங்கள். தங்கும் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, நடக்கும் தூரத்தை அதற்கேற்ப வெட்டிக்கொள்ளுங்கள். "முடிந்த மட்டும் நடப்போம், இருட்டினால் எங்காவது தங்குவோம்" என்று கிளம்பும் குடும்பங்கள்தான் ராத்திரி ஒன்பது மணிக்குத் தூங்கி விழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குகின்றன.

எங்கே வெட்டுவது என்பதை இந்த ரோட்டில் ஊர்ப் பெயர்களே சொல்லும். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என மூன்று பெயரிலும் சத்திரம் இருக்கிறது. திண்டுக்கல்லில் இருந்து ரெட்டியார்சத்திரம் சுமார் 13 கிலோமீட்டர், அங்கிருந்து ஒட்டன்சத்திரம் 17, பிறகு சத்திரப்பட்டி 15, கடைசியாக ஆயக்குடி வழியாகப் பழநி 14. பிள்ளைகள் கால் தாங்கும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆனால் சத்திரம் என்று பெயர் இருக்கும் எல்லா ஊரிலும் இன்று லாட்ஜ் கிடையாது. அதனால் தினம் ஒரு ஊரில் அறை தேட வேண்டாம். ஒட்டன்சத்திரத்தில் ஒரே அறையை மூன்று இரவுக்கு எடுத்துவிடுங்கள். காய்கறி மார்க்கெட்டுக்கு வரும் வியாபாரிகளை நம்பிப் பிழைக்கும் ஊர் என்பதால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சாதாரண லாட்ஜுகள் உண்டு. முதல் நாள் ரெட்டியார்சத்திரம் வரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் போய்விடுங்கள். இரண்டாம் நாள் விடிகாலையில் பஸ்ஸில் ரெட்டியார்சத்திரத்துக்குத் திரும்பி வந்து, விட்ட இடத்தில் இருந்து நடந்து அறைக்கே வந்து சேரலாம். மூன்றாம் நாள் சத்திரப்பட்டி வரை நடந்து பஸ்ஸில் திரும்புங்கள். நாலாம் நாள் அறையைக் காலி செய்துவிட்டுப் பழநி. விட்ட இடத்திலேயே தொடங்குவதால் நேர்ச்சையில் ஒரு அடிகூடக் குறையாது. எந்தக் கடை முன்னால் நிறுத்தினீர்களோ அந்தப் பெயர்ப் பலகையை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் இருட்டில் கண்டக்டரிடம் காட்ட உதவும்.

இதில் தவறக்கூடிய இடங்கள் இரண்டு. எக்ஸ்பிரஸ் பஸ்கள் நடுவில் நிற்காது, ஏறும் முன் "ரெட்டியார்சத்திரத்தில் நிக்குமா?" என்று கேட்டே ஏறுங்கள். இரண்டாவது, சாமி கும்பிட்டுத் திரும்பும் கூட்டம். பழநியில் இருந்து வரும் பஸ்களில் பத்து மணிக்கு மேல் கால் வைக்க இடம் இருக்காது. சத்திரப்பட்டியில் இருந்து திரும்பும் நாளில் மட்டும் இரண்டரைக்கே கிளம்பி ஒன்பதரைக்குள் நடையை முடித்துவிடுங்கள்.

மற்ற நாட்களில் காலை நாலரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் 10 கிலோமீட்டர் வரும். மிச்சத்தை மாலை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். 6 வயதுப் பெண் எல்லா நாளும் முழுத் தூரம் நடக்க மாட்டாள். 17 கிலோமீட்டர் நாளில் பாதி வழியில் அம்மாவோ அப்பாவோ அவளோடு பஸ் ஏறி அறைக்குப் போய்விடுவது நல்லது. வேண்டுதல் பெரியவர்களுடையது. குழந்தையின் பாதத்தில் கொப்புளம் வந்து உடைந்தால் அதோடு யாத்திரையே நின்றுபோகும். வெயில் ஏறிய தாரில் பிள்ளைகளை வெறுங்காலோடு விடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் அறை போட்டுவிட்டுப் போனோம். காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றால் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளோடு ரிசப்ஷன் நாற்காலியிலேயே மூன்று மணி நேரம். இதற்கு என்ன வழி?
– வாசகர், மேலூர்

பதில்: ஊர் சுற்ற வருகிறவர்கள் மதியம் வந்து மறுநாள் காலை போவார்கள். பாதயாத்திரைக்காரர்களோ காலை ஒன்பதுக்கு வந்து மறுநாள் அதிகாலை நாலுக்குக் கிளம்புவார்கள். ஆன்லைன் கணக்கு பெரும்பாலும் முதல் வகைக்குப் போட்டது. உங்களுக்கு வேண்டியது 24 மணி நேரக் கணக்கு. சிறு ஊர் லாட்ஜுகளில் இன்னமும் அந்த வழக்கம் இருக்கிறது. எத்தனை மணிக்கு ஏறினீர்களோ மறுநாள் அதே மணி வரை அறை உங்களுடையது. போன் செய்து நேராகக் கேளுங்கள்: "காலைல ஒம்பதுக்கு வந்தா ரூம் குடுப்பீங்களா?" முடியாது என்றால் முந்தின இரவில் இருந்தே அறையை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் வாடகை கூடும், ஆனாலும் பிள்ளைகள் வந்ததும் படுக்கலாம்.

இன்னும் மூன்று விஷயம் கேட்டு வையுங்கள். நாலு மணிக்குக் கிளம்பும்போது ஷட்டரைத் திறக்க ஆள் இருப்பாரா? பல லாட்ஜுகளில் ராத்திரி இழுத்துப் பூட்டிவிட்டு வாட்ச்மேன் உள்ளே தூங்கிவிடுவார். வெந்நீர் எத்தனை மணிக்கு? காலை ஆறு மணிக்கு வரும் வெந்நீர் உங்களுக்கு ஆகாது. அறைக்குப் போன உடனே குளிப்பாட்டிவிடுங்கள். மூன்றாவது, ரோட்டைப் பார்த்த அறையா, பின்பக்கமா? பின்பக்கமே கேளுங்கள். தைப்பூச சீசனில் பந்தல்களின் மைக் செட் பாடிக்கொண்டே இருக்கும். இரண்டு இரவு தூக்கம் கெட்ட பிள்ளை மூன்றாம் நாள் நடக்காது. பெரியவர்கள் எல்லோருடைய ஆதாரும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: குன்றக்குடிப் பக்கம் இருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக 60 பேர் போகிறோம். இந்த முறை பிள்ளைகள் மட்டும் பதினைந்து பேர். ராத்தங்கலுக்குக் கல்யாண மண்டபம் பேசலாமா?
– குழுப் பொறுப்பாளர், காரைக்குடி

பதில்: பேசலாம், ஆனால் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு பேசுங்கள். தை மாதம் முகூர்த்த மாதம். முகூர்த்த நாள் போக, அதற்கு முந்தின நாள் சாயங்காலமும் மண்டபம் கிடைக்காது. மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு என்று அப்போதே நிறைந்துவிடும். முகூர்த்தம் முடிந்த அன்று இரவு பெரும்பாலும் காலியாக இருக்கும். பந்தியும் சமையலறையும் கழுவி முடிய ஆறு மணி ஆகும் என்பதால் "ஆறுக்கு மேல வர்றோம், காலைல மூணரைக்குப் போயிடுவோம்" என்று சொன்னால் முழு வாடகை கேட்க மாட்டார்கள்.

மார்கழியில் கல்யாணம் இல்லை, மண்டபங்கள் சும்மா கிடக்கும். அதை நம்பி மார்கழியில் கிளம்புகிறவர்களும் உண்டு. வழியில் சுகம்தான். ஆனால் சபரிமலைக்குப் போய்வரும் ஐயப்ப பக்தர்களால் அந்தச் சமயத்தில் பழநி அடிவாரத்து லாட்ஜுகள் நிரம்பி வழியும்.

வாடகை பேசும்போது கரண்டுக்கு மீட்டர் கணக்கா, ஜெனரேட்டர் டீசல் தனியா, தண்ணீர் லாரி யார் பொறுப்பு, துப்புரவுக்கு எவ்வளவு என்று நாலையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். கழிப்பறைகளை எண்ணிப் பாருங்கள். 60 பேர் ஒரே நேரத்தில் மூன்று மணிக்கு எழுந்தால் நாலு கழிப்பறை போதாது. பிள்ளைகளும் அம்மாக்களும் கடைசியில் நிற்பார்கள், குழு அவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். பெண்களும் பிள்ளைகளும் இரண்டரைக்கு, மற்றவர்கள் மூன்றேகாலுக்கு என்று முதல் இரவே சொல்லிவிடுங்கள்.

பல பொறுப்பாளர்கள் கோட்டை விடும் இடம் மணமகள் அறை. குளியலறையோடு, கதவைப் பூட்டும் வசதியோடு, சில சமயம் கட்டிலோடு இருக்கும் அறை அது. அதில் பைகளைப் போட்டுப் பூட்டிவிட்டு, பிள்ளைகளை ஹாலில் படுக்க வைப்பார்கள். மாற்றிச் செய்யுங்கள்: பைகள் மேடையில், 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் தாய்மாரும் மணமகள் அறையில், மற்றப் பிள்ளைகள் குடும்பத்தோடு மணமகன் அறையில். ஹாலில் படுத்தே ஆக வேண்டும் என்றால் சுவர் ஓரம், வாசலுக்குத் தள்ளி. டைல்ஸ் தரை தைப் பனிக்குச் சில்லென்று ஏறும். கோரைப்பாய் மட்டும் போதாது, அடியில் ஒரு தார்ப்பாய், மேலே ஜமுக்காளம்.

கேள்வி: அறை கிடைக்காவிட்டால் அன்னதானப் பந்தலிலோ பெட்ரோல் பங்க்கிலோ பிள்ளைகளோடு படுக்கலாமா?
– வாசகர், நத்தம்

பதில்: பகலில் இளைப்பாறலாம். ராத்திரி வேண்டாம். நிற்கும் லாரி ஓரம், ரோட்டுத் திண்டு இரண்டும் அறவே கூடாது. பின்னால் எடுக்கும் டிரைவருக்குத் தரையில் படுத்திருக்கும் பிள்ளை தெரியாது. வேறு வழியே இல்லையென்றால் ஊருக்குள் இருக்கும் கோயில் மண்டபத்தில் கேளுங்கள், அல்லது பஸ் ஏறி அடுத்த பெரிய ஊருக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: பழநியில் தேவஸ்தான அறை கிடைக்குமா? பூசத்தன்று தரிசனம் செய்ய ஆசை.
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: தண்டபாணி நிலையம், வேலவன் விடுதி என்று தேவஸ்தானத்துக்கே விடுதிகள் உண்டு. சாதாரண நாளில் நல்ல வசதி. பூசத்தை ஒட்டிய மூன்று நாள் எதையும் நம்பி வராதீர்கள். 2021 முதல் தைப்பூசம் அரசு விடுமுறை. நடக்காதவர்களும் அன்று காரில் வந்துவிடுகிறார்கள். அடிவாரத்தில் அந்தந்தச் சமூகத்தார் நடத்தும் மடங்களும் சத்திரங்களும் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பெரியவர் யாரையாவது கேட்டுக் கடிதத்தோடு போனால் குடும்பத்துக்கு இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

பிள்ளைகளோடு போக நல்ல நாட்கள், பொங்கலுக்குப் பிறகு, பூசத்துக்கு ஐந்தாறு நாள் முன்பு. தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் தொடங்கியிருக்கும், நெரிசல் உச்சத்துக்குப் போயிருக்காது. பூசத்தன்றேதான் வேண்டும் என்றால் உங்களுக்கு அறையே வேண்டாம், வீட்டில் தூங்கி எழுந்து பஸ்ஸில் போய் வாருங்கள். வெளியூர்க்காரர்கள் உடுமலையிலோ தாராபுரத்திலோ தங்கலாம்.

நடந்து வந்து சேர்ந்த அன்றே மலை ஏறாதீர்கள். அறை, குளியல், தூக்கம், மறுநாள் காலை படி. விஞ்ச் (மலை ஏறும் இழுவை ரயில்) வரிசையில் நிற்கும் நேரத்தைவிட, ஓய்வெடுத்த பிள்ளை 693 படி ஏறும் நேரம் குறைவாகவே இருக்கும். மலை மேல் செல்போனுக்கு 2023 அக்டோபரில் இருந்து தடை. கூட்டத்தில் பிரிந்தால் போன் செய்ய முடியாது. அறையின் பெயர், அறை எண், இரண்டு செல் நம்பர் எழுதிய சீட்டைப் பிள்ளையின் பாக்கெட்டில் ஊக்கு போட்டுக் குத்திவிடுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் இருந்து வேளாங்கண்ணிக்கு இரண்டு பிள்ளைகளோடு நடக்கிறோம். செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே தங்க இடம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் இருந்து திருவிழா முடியும் வரை வேளாங்கண்ணியில் குடும்பத்துக்கு அறை தேடுவது வீண் அலைச்சல். கடைசி இரண்டு இரவை நாகப்பட்டினத்தில் வையுங்கள். அங்கிருந்து கோயில் 12 கிலோமீட்டருக்குள்தான். அதிகாலையில் நடந்து போய்விட்டு பஸ்ஸில் திரும்பலாம். அதற்கு முன் திருவாரூரில் ஒரு இரவு. திருவாரூர் – நாகை 24 கிலோமீட்டர், பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஆகாது. நடுவில் நிறுத்தி பஸ்ஸில் நாகை போய், மறுநாள் காலை விட்ட இடத்துக்கே திரும்பி வந்து தொடருங்கள். தையைப் போல இது பனிக்காலம் அல்ல. எட்டரை மணிக்கு மேல் வெயிலில் பிள்ளைகளை நடத்த வேண்டாம், மதியத் தூக்கத்துக்கு மின்விசிறியாவது இருக்கிற அறையாகப் பாருங்கள்.