தாடைக்கு அடியில் ஸ்கேன்: எது தெரியும், எது தெரியாது?

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவுக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. தாடைக்கு அடியில் அல்ட்ராசவுண்ட் பார்த்து, தசை நன்றாகவே அசைகிறது என்றார்கள். அப்படியானால் பேரியம் எக்ஸ்ரே (பேரியம் கலந்ததை விழுங்கச் செய்து எடுக்கும் படம்) வேண்டாமா?

பதில்: வேண்டும். விழுங்கும் நொடியில், குரல்வளைக்கு மேலே கழுத்தில் இருக்கும் சிறிய ஹையாய்டு எலும்பு மேலும் முன்னுமாக நகர்ந்து குரல்வளையைத் தூக்கும். மூச்சுப்பாதை அடைபட்டு உணவுக்குழாயின் வாய் திறக்க இந்த நகர்வு துணை செய்கிறது. ஸ்கேன் காட்டுவது அதையும், நாக்கையும், வாயின் அடித்தசைகளையும்தான். ஒலி அலைகள் காற்றைக் கடந்து படம் தராது. மூச்சுக்குழாயிலோ காற்றுதான் இருக்கிறது. அதனால் தண்ணீர் உள்ளே நழுவியதா என்பதை இதை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. பக்கவாதத்தில் தொண்டையின் உணர்வு மங்கி, இருமலே வராமல் நீர் நுரையீரலுக்கு இறங்குவதும் உண்டு. பேரியம் எக்ஸ்ரே வீடியோ அல்லது மூக்கு வழி எண்டோஸ்கோப்பி கேளுங்கள். அதுவரை எதை, எந்தப் பதத்தில் தருவது என்பதை விழுங்கல் சிகிச்சையாளரே முடிவு செய்யட்டும். ஸ்கேன் வீணல்ல: கதிர்வீச்சு இல்லை, படுக்கையருகிலேயே எடுக்கலாம், பயிற்சியால் தசை தேறுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

கேள்வி: பேச்சு, விழுங்கல் சிகிச்சை படிக்கிறேன். இந்த ஸ்கேனில் நோயாளி விழுங்கும்போது ஹையாய்டின் நிழல் மறைந்துவிடுகிறது. தாடை எலும்புக்கும் ஹையாய்டுக்கும் இடையே அளக்கும் தூரமும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் கை அழுத்தம்தான். விழுங்கும்போது தாடையின் அடித்தசை இறுகி ப்ரோபை (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவிமுனை) கீழே தள்ளும். கை அதோடு சேர்ந்து இறங்க வேண்டும். முட்டுக்கொடுத்துப் பிடித்தால் ப்ரோப் நடுக்கோட்டிலிருந்து திரும்பிவிடும், தசையும் நசுங்கி மெலிந்து தெரியும். ஜெல்லைத் தடிமனாகப் போடுங்கள். தாடி இருந்தால் முடிக்குள் காற்று தங்கும், இன்னும் கூடுதலாகத் தேவை.

வளைமுக ப்ரோபை நீளவாட்டில் வைத்து, ஒரு ஓரத்தில் தாடை எலும்பின் கறுப்பு நிழல், மறு ஓரத்தில் ஹையாய்டின் நிழல், இரண்டும் ஒரே படச்சட்டத்தில் (ஃப்ரேம்) வந்த பிறகே 5 மில்லி தண்ணீர் கொடுங்கள். ஒன்று விடுபட்டால் அந்தப் பதிவைக் கழித்துவிடுங்கள். முதுகுக்குச் சாய்மானம் இருக்கட்டும். தலை நிமிர்ந்தால்கூட ஓய்வு நிலைத் தூரமே மாறிவிடும்.

3 முறை விழுங்கச் செய்து, வீடியோவைச் சட்டம் சட்டமாக நகர்த்தி அளவிடுங்கள். இரு நிழல்களுக்கும் இடையே ஓய்வில் 40 மி.மீ., மிக நெருங்கும்போது 28 மி.மீ. என்றால் சுருக்கம் 30 சதவீதம். தாடை அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், மில்லிமீட்டரோடு சதவீதத்தையும் எழுதுங்கள்.