40 பேர் மதிப்பெண்ணைச் சராசரியாக்கி ஒரே வரைபடம் போடலாமா?

கேள்வி: 12 கைப்பேசி மாடல்களை இரண்டிரண்டாகக் காட்டி, எவ்வளவு வேறுபடுகின்றன என்று 40 பேரிடம் 1 முதல் 9 வரை மதிப்பெண் வாங்கினேன். 20 பேர் மாணவர்கள், 20 பேர் விற்பனையாளர்கள். எல்லாவற்றையும் சராசரியாக்கி, ஒத்த மாடல்கள் அருகிலும் வேறுபட்டவை தள்ளியும் விழும்படி வரைபடம் போட்டுத்தந்த அனலிஸ்ட், "ஸ்ட்ரெஸ் 0.08, தாராளமாகப் போதும்" என்கிறார். (ஸ்ட்ரெஸ் என்பது படத்தின் தூரங்கள் மதிப்பெண்களோடு எவ்வளவு பொருந்தவில்லை என்ற அளவு; குறைந்தால் நல்லது.) நெறியாளரோ குழு வேறுபாடு எங்கே என்கிறார்.

பதில்: நெறியாளர் சொல்வதே சரி. விலை ஒன்றாகவும் கேமரா மட்டும் வேறாகவும் உள்ள இரு மாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். விலையைப் பார்ப்பவர் 1 போடுவார், கேமராவைப் பார்ப்பவர் 9. சராசரி 5. அந்த 5-ஐ ஒருவருமே சொல்லவில்லை! ஸ்ட்ரெஸ் குறைந்ததிலும் பெருமை இல்லை. சராசரி எடுத்தாலே தனிநபர் பிசிறுகள் அடங்கி அது தானாக இறங்கும். க்ருஸ்கல் 1964-இல் 0.10 சுமார், 0.05 நல்லது என்று சொன்னது தோராயக் குறிப்புதான். ஆய்வேட்டுக் குழுக்கள் அந்த ஓர் எண்ணையே கேட்பதால், அனலிஸ்டுகளும் அதையே விற்கிறார்கள்.

ஆளுக்கு 66 ஜோடிகள்; 40 பேருக்கும் தனித்தனி அட்டவணை வேண்டும். ஒவ்வொருவர் மதிப்பெண்ணையும் மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒருவருடையது எதிர்த்திசையில் போனால், அவர் அளவுகோலைத் தலைகீழாகப் புரிந்திருக்கக்கூடும். தாளை எடுத்துப் பாருங்கள். பிழையான தரவுக்கும் மென்பொருள் சத்தமில்லாமல் படம் வரைந்துவிடும்.

பிறகு கரோலும் சாங்கும் 1970-இல் தந்த இண்ட்ஸ்கால் என்ற முறை. பொது வரைபடம் ஒன்று. அதன் ஒவ்வோர் அச்சுக்கும் ஆளுக்கோர் எடை, அதாவது அந்த அச்சுக்கு அவர் தரும் முக்கியத்துவம். 'ஆர்' மென்பொருளின் ஸ்மகாஃப் தொகுப்பில் இருக்கிறது. 12 பொருளுக்கு 2 பரிமாணம் போதும். வெவ்வேறு தொடக்கங்களில் 50 தடவையாவது ஓட்டி, ஸ்ட்ரெஸ் மிகக் குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

படம் அழகாக வர அச்சைச் சுழற்றித் தருகிறேன் என்பவரிடம் விடாதீர்கள். இங்கே அச்சின் திசையை எடைகளே தீர்மானிக்கின்றன. சுழற்றினால் பொருத்தம் கெடும். விலக்கு ஒன்றுண்டு. இரண்டு எடைகளின் விகிதம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தால், அதாவது ஒவ்வொருவரின் இரு எடைகளையும் ஒரு புள்ளியாகக் குறித்தால் அவை மூலப்புள்ளியிலிருந்து கிளம்பும் ஒரே கோட்டில் விழுந்தால், அச்சு நிலைபெறாது. எப்படிச் சுழற்றினாலும் பொருத்தம் மாறாது. புள்ளிகள் கோட்டை ஒட்டிக் கிடந்தாலும் அச்சுக்குப் பெயர் சூட்ட அவசரப்படாதீர்கள். அப்போது குழு வேறுபாடும் பெரிதாக இராது.

புள்ளிகள் விரிந்திருந்தால், ஒவ்வொருவரின் எடைப் புள்ளியும் மூலப்புள்ளியிலிருந்து எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு, இரு குழுக்களின் சராசரிக் கோணத்தை ஒப்பிடுங்கள். எடைகளின் மேல் நேராக டி-டெஸ்ட் (இரு குழுச் சராசரிகளை ஒப்பிடும் வழக்கமான சோதனை) வேண்டாம். மாணவர், விற்பனையாளர் என்ற முத்திரைகளை 1000 முறை கலைத்துப்போட்டு, உங்கள் வேறுபாடு அதில் எத்தனை முறை எட்டப்படுகிறது என்று எண்ணினால் போதும். வரைபடத்தை மறுபடி போட வேண்டியதில்லை.

அனலிஸ்டுக்குக் கடைசித் தவணை கொடுக்குமுன் மூலத் தரவுக் கோப்பையும் நிரலையும் கையில் வாங்கிவிடுங்கள்.