மலைச்சாலையோரப் புதர்: மேட்டுப்பக்கம் வேறு, பள்ளத்துப்பக்கம் வேறு

கேள்வி: எங்கள் ஊர் மலைச்சரிவில் இருக்கிறது. வர, போக ஒரே சாலை. அதன் இரு பக்கமும் கோடையில் புல் காய்ந்து, புதர் மண்டிக் கிடக்கிறது. காட்டுத்தீ பயத்தில் குடியிருப்போர் சங்கத்தில் பேசினோம். பொக்லைன் வைத்து எல்லாவற்றையும் வழித்துவிடலாம் என்கிறார்கள் சிலர். ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்கிறார்கள் வேறு சிலர். இருக்கிற பணத்தில் முழுச் சாலையையும் ஒரே ஆண்டில் முடிக்க முடியாது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: உங்கள் சங்கத்தின் இரண்டு தரப்புமே சாலையின் இரு பக்கத்தையும் ஒன்றாகப் பார்க்கின்றன. மலையில் அது சரிவராது. தீ மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. சுவாலை எட்டுவதற்கு முன்பே அதன் சூடு மேலே நிற்கும் செடியை உலர்த்திவிடுகிறது. ஆகவே சாலையில் விழும் பொறி பெரிதாவது மேட்டுப்பக்கத்தில். எங்கோ கீழே பிடித்த தீ சாலையில் போகிறவர்கள் மேல் வந்து பாய்வது பள்ளத்துப்பக்கத்திலிருந்து.

மேட்டுப்பக்கத்தில் செலவு குறைவு. அங்கே எதிரி காய்ந்த புல்தான், மரம் அல்ல. அணைக்காத சிகரெட், தரையில் இழுபடும் சங்கிலி, புல்லின் மேல் நிறுத்திய வண்டியின் சூடான சைலன்சர், இவற்றில் எதுவும் பச்சை மரத்தைக் கொளுத்தாது. சருகையும் புல்லையும் கொளுத்தும். 2018 ஜூலையில் கலிபோர்னியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்த, 'கார்' (Carr) என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ, டயர் வெடித்த ஒரு டிரெய்லரின் சக்கர விளிம்பு சாலையில் உரசிய பொறியில் தொடங்கியது. தார் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் வரை புல்லை 10 சென்டிமீட்டருக்கு மிகாமல் வெட்டி வைத்தால் பெரும்பாலான பொறிகள் அங்கேயே செத்துவிடும். வண்டிகள் ஒதுங்கி நிற்கும் இடங்களில் மட்டும் புல்லே இல்லாமல் சரளை போட்டுவிடுங்கள்.

பள்ளத்துப்பக்கம்தான் உண்மையான வேலை. 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டே தீயில் 66 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாகனத்தில் தப்பிப் போகும் வழியில், சாலையிலோ அதன் அருகிலோ சிக்கியவர்கள். சாலையோரம் 10 மீட்டர் அகலத்துக்கு எரிபொருளை, அதாவது தீப்பற்றக்கூடிய புல், புதர், கிளைகளை, குறைத்து வைக்க வேண்டும் என்ற சட்டம் அந்நாட்டில் 2006 முதலே இருந்தது. ஆனாலும் மரங்கள் சாலையை ஒட்டியே நின்றன. இந்த 10 மீட்டர் நல்ல அளவுதான். செங்குத்தான இடத்தில் கீழ்நோக்கி இன்னும் கொஞ்சம் போகலாம்.

அதற்காக அந்த 10 மீட்டரையும் மொட்டையடிக்கச் சொல்லவில்லை. தரையில் பிடித்த தீ புல்லிலிருந்து புதருக்கு, புதரிலிருந்து தாழ்ந்த கிளைக்கு, அங்கிருந்து உச்சிக்கு ஏணிப்படி போல ஏறுகிறது. நடுப்படிகளை எடுத்துவிட்டால் போதும். மரத்தடிப் புதரின் உயரத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி அதற்கும் கிளைக்கும் நடுவே வேண்டும். இல்லாவிட்டால் புதரை எடுத்துவிடுங்கள். வளர்ந்த மரத்தில் இரண்டு மீட்டர் உயரம் வரை கிளைகளைக் கவாத்து செய்யலாம். சின்ன மரமென்றால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். புதருக்கும் புதருக்கும் இடையே மிதமான சரிவில் புதரின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, நல்ல சரிவில் நான்கு மடங்கு, செங்குத்தில் ஆறு மடங்கு விடுவது கலிபோர்னியாவில் பின்பற்றும் அளவு. பெரிய மரங்கள் நிற்கட்டும். அவற்றின் நிழலில் தரை ஈரம் காக்கும், காற்றின் வேகமும் குறையும்.

பொக்லைனை நான் ஆதரிக்காததற்குக் காரணம் மரப்பாசம் இல்லை. வேரோடு வழித்த சரிவு அடுத்த மழையில் சாலைக்கு வரும், அல்லது சாலையையும் கூட்டிக்கொண்டு போகும். வெற்று மண்ணில் முதலில் முளைப்பதும் சீக்கிரம் காயும் புல்தான். புதரை எடுத்துவிட்டு அதைவிட வேகமாகப் பற்றும் ஒன்றை வளர்த்ததாகிவிடும். தரையோடு வெட்டி, தூரையும் வேரையும் மண்ணிலேயே விடுங்கள். கோடை நெருங்கும்போது களைக்கொல்லி அடிப்பதும் வேண்டாம், செத்த செடி நின்றபடியே காய்ந்து விறகாகிவிடும்.

சரி, எங்கே தொடங்குவது? ஓடைப் பள்ளங்கள் சாலையைக் கடக்கும் சிறுபாலங்களில். அந்தப் பள்ளங்கள் புகைபோக்கி மாதிரி வேலை செய்து சூட்டையும் தீயையும் நேராக மேலே இழுக்கும். அடுத்து கொண்டை ஊசி வளைவுகள்: கீழ்ச்சாலைக்கும் மேல்சாலைக்கும் நடுவே இருக்கும் புதர், இரண்டையும் ஒரே நேரத்தில் அடைத்துவிடும். அதன் பிறகு குறுகலான பகுதிகள். தீயணைப்பு வண்டிக்குச் சுமார் ஆறு மீட்டர் அகலமும், தலைக்கு மேல் நான்கு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரமும் தடையில்லாமல் வேண்டும். வண்டி திரும்பக்கூடிய இடங்களையும் அப்போதே சுத்தம் செய்துவிடுங்கள். இவற்றை முதல் ஆண்டில் முடித்தால் மற்ற பகுதிகள் காத்திருக்கலாம். ஆனால் முடித்த இடத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் திரும்ப வர வேண்டும். சங்கங்கள் பணம் ஒதுக்க மறப்பது இதற்குத்தான்.

புல்லை மழை ஓய்ந்து பழுக்கத் தொடங்கும்போது வெட்டுங்கள். முன்னதாக வெட்டினால் மறுபடி வளரும்; முழுக்கக் காய்ந்தபின் வெட்டினால் இயந்திரத்தின் பிளேடு கல்லில் பட்டே தீப்பிடிக்கும். காய்ந்துவிட்டதென்றால் பனி ஈரம் இருக்கும் காலையில் மட்டும், தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டுங்கள். முடித்த பிறகும் ஒருவர் அரைமணி நேரமாவது அங்கே நிற்கட்டும். மின்கம்பியைத் தொடும் கிளையை மின்துறையிடம் விட்டுவிடுங்கள். சாலையோர நிலம் யாருடையது என்று பார்த்து, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் உங்கள் சங்கத்தில் சொல்லிவிடுங்கள்: பலத்த காற்று சரிவின் கீழ்நோக்கியும் தீயைத் தள்ளும், கங்குகளைச் சாலை தாண்டி வெகுதூரம் வீசும். 10 மீட்டர் பட்டை அதை நிறுத்தாது. இந்த வேலையின் பயன், தீ தொடங்கும் வாய்ப்பைக் குறைப்பதும், மக்கள் வெளியேறும்வரை சாலையைத் திறந்து வைப்பதும்தான். வீட்டுக் கூரையையும் முற்றத்தையும் தனியே கவனிக்க வேண்டும்.

வெட்டியதை என்ன செய்வது என்பதில்தான் பல ஊர்களில் வேலை கெடுகிறது. சுலபமென்று பள்ளத்துப்பக்கம் தள்ளிவிடுகிறார்கள். எங்கே எரிபொருள் இருக்கக்கூடாதோ சரியாக அங்கே ஒரு குவியல் சேர்ந்துவிடும். அன்றன்றே வண்டியில் ஏற்றிவிடுங்கள். தூளாக்கிப் பரப்புவதானால் தார் விளிம்பிலிருந்து தள்ளி, 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். அதற்கு மேல் போனால் அது நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். ஏற்றிச் செல்ல வண்டி கிடைக்காத வாரத்தில் வெட்டாமல் இருப்பதே நல்லது.